ஸ்டேஷன் எங்கே வேணும்?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ரயிலைப் பத்தி நமக்கென்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். வள்ளுவர் கோட்டம் பக்கத்துல அன்னை தெரசா மகளிர் வளாகத்துக் கண்காட்சிக்கு ஊறுகாய்ப் பெட்டி தூக்கிட்டுப் போனவங்களுக்குத் தெரியும். மின்சார ரயில் டிக்கெட் கொஞ்சம்தான். இறங்கின பிறகு பிடிக்கிற ஆட்டோதான் லாபத்தைத் தின்னுடும். அதனால ஸ்டேஷனை எங்கே கட்டுறாங்க என்பது நம்ம கணக்கு நோட்டு விஷயம்.

மாம்பலம் ஸ்டேஷனைப் பாருங்க. படி இறங்கினா ரங்கநாதன் தெரு. துணி எடுக்க வர்றவங்க, கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்க, பூ விக்கிற அம்மா எல்லாரும் நடந்தே போயிடலாம்.

பறக்கும் ரயில் வேற மாதிரி. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ஆரம்பிச்சு, 2007-ல் வேளச்சேரி வந்து சேர்ந்தது. நிறைய தூரம் பக்கிங்காம் கால்வாய் மேலேயே தூண் நட்டு பாதை போட்டாங்க. கால்வாயில தண்ணி போற வழியும் குறுகிப்போச்சு, அது தனிக் கதை. கடைத்தெரு ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம். கட்டடம் கோட்டை மாதிரி, உள்ளே பல இடம் காலி. இருட்டின பிறகு ஒரு பொம்பளை தனியா அந்தப் படியேற யோசிப்பா. ஜனம் எங்கே இருக்குன்னு பார்க்காம நிலம் எங்கே சுலபமா கிடைக்குதுன்னு பார்த்தா இப்படித்தான் ஆகும்.

அதுக்காக நெருக்கமான இடத்துல கட்டுறது லேசுன்னு நான் சொல்லல. தி.நகர் பனகல் பார்க்கிட்ட மெட்ரோவுக்குப் பூமியைத் தோண்டினாங்க. தகரம் அடைச்சு ரோடே பாதியாச்சு. பட்டா வச்சிருக்கிறவங்க நஷ்டஈடு கேட்கலாம். தள்ளுவண்டியில வளையல் விக்கிறவ யாரைக் கேட்பா? இடம் குறிக்கும்போதே அவளுக்கும் ஒரு இடம் குறிக்கணும்.

இப்ப புறநகருக்கு வர்றேன். மெட்ரோ முதன்முதல்ல ஓடினது 2015-ல், ஆலந்தூர் – கோயம்பேடு. வெளியூர் பஸ்ஸில வந்து இறங்கினா பக்கத்துலயே மெட்ரோ. நல்ல ஏற்பாடு. ஆனா 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் நிலையம் திறந்து, தென்மாவட்ட பஸ்ஸெல்லாம் அங்கே போயிடுச்சு. திறந்த அன்னிக்கு அங்கே மெட்ரோவும் இல்ல, மின்சார ரயில் ஸ்டேஷனும் இல்ல. நெரிசல் குறைய பஸ்ஸை வெளியே கொண்டு போனது சரிதான். ரயிலை முதல்ல கொண்டு வந்திருக்கணும். குடிபோன பிறகு கிணறு வெட்டலாமா?

என்னைக் கேட்டா, ஊருக்குள்ள நடந்து போற தூரத்துக்கு ஒண்ணு வேணும். வெளியே தள்ளித் தள்ளி இருக்கட்டும், ஆனா திறக்குற அன்னிக்கே வாசல்ல மினி பஸ் நிக்கணும். கூடையோட ஏற விடணும். லிப்ட், லைட்டு, கழிப்பறை மூணும் வேலை செய்யணும்.

கருத்துக் கேட்புக் கூட்டம்னு அறிவிச்சா நம்ம கூட்டமைப்பிலிருந்து ரெண்டு பேராவது போகணும். சாமான் தூக்கிப் பழகினவங்களா பார்த்து அனுப்புங்க.