ஈர மணலில் ஓர் எழுத்து



பின்னேரத்தில் சாட்டிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இப்படி ஒரு பெடியனைத் தெரிந்திருக்கும். ஒன்பது, பத்து வயது. வாடைக்காற்று எது, சோழகம் எது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிந்தாத்திரை மாதா கோயிலில் ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் பிழையில்லாமல் பாடுவான். ஆனால் பஸ்சின் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப் பெயர் இருக்கும்: மொக்கு.

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர் பெர்சி என்னும் பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் விரைவாகச் சரியான விடை சொல்வான். தன் பெயரை எழுதும்போதோ எழுத்துகளை இடம் மாற்றிப் போடுவான். மாறியது அவனுக்கே தெரியாது. பல வருடம் ஆசிரியர்கள் பாடுபட்டும் வாசிப்பு வரவில்லை. இதைத்தான் இன்று டிஸ்லெக்சியா, வாசிப்பு இடர்ப்பாடு என்கிறோம். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புத்திக் குறைவுக்கும் இல்லை. வாயில் வரும் சொல்லைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தோடு சேர்ப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு.

தமிழ் எழுதுகிறபடியே வாசிக்கிற மொழி, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். 247 எழுத்தையும் அந்தப் பிள்ளையின் கண்ணால் ஒருதரம் பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் ககரம் ஒலிக்கிறது, பிறகு எகரம். எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு இந்தப் பக்கம், அரவு அந்தப் பக்கம். அந்த அரவும் ரகரமும் பார்வைக்கு அண்ணன் தம்பி. கடலில் ஒரு விதமாகவும் சங்கில் இன்னொரு விதமாகவும் ஒலிப்பது ஒரே ககரம். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'மழை', 'மளை' ஆகிவிடுகிறது. கொப்பியில் 'மளை' என்று எழுதிய பிள்ளை தன் காது கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் இதை ஒரு கணம் யோசியுங்கள், ஆசிரியர்களே.

எழுத்தை விரலால் பழக்குவது எங்களுக்குப் புதிதில்லை. விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். முந்தைய திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் எழுத்துப் பழகினார்கள். நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஓர்ட்டனோடு சேர்ந்து உழைத்த அமெரிக்க ஆசிரியை அன்னா கில்லிங்ஹாம் 1930களில் வகுத்த முறையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: கண் பார்க்க, வாய் சொல்ல, காது கேட்க, விரல் எழுத, நான்கும் ஒரே நேரத்தில். 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இப்படியான பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கி வருகிறது. நாங்கள் அரிசியை ஒரு நாளோடு எடுத்து வைத்துவிடுகிறோம். இந்தப் பிள்ளைக்கு அது நூறு நாள் வேண்டும்.

நெடுந்தீவில் இருக்கிற தாய் வள்ளம் ஏறிக் குறிகாட்டுவானுக்கு வந்து, பிறகு பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் நிபுணரைப் பார்ப்பது இலேசான காரியமில்லை. ஆனாலும் பிள்ளையின் கண்ணையும் காதையும் ஒருதரம் கட்டாயம் சோதித்துவிடுங்கள். மற்றதில் பெரும்பகுதியை வீட்டிலும் வகுப்பிலும் தொடங்கலாம். 'மானா' என்று எழுத்தின் பெயரைச் சொல்ல முன், 'ம்' என்ற ஒலியைக் கொடுங்கள். 'கடல்' என்ற சொல்லுக்கு மூன்று சோகியை வைத்து, க, ட, ல் என்று ஒவ்வொன்றாகத் தொடட்டும். லகரத்தையும் ளகரத்தையும் ஒரே நாளில் படிப்பிக்காதீர்கள். ஒன்று கைக்குள் வந்தபிறகு மற்றது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கதையை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து. வகுப்பின் முன்னால் எழுப்பிவிட்டுத் தனியே வாசிக்கச் சொல்லவே வேண்டாம்.

புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். இன்னொரு ரியூசனில் சேர்த்தால் அதே பாடத்தை அதே வேகத்தில் இன்னொருவர் சொல்வார், அவ்வளவுதான். பிள்ளைக்கு வேண்டியது வேறு முறை. சிறப்புத் தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு என்ன வசதி செய்து தரலாம் என்பதை அதிபரிடம் நேரத்தோடு கேளுங்கள்.

இன்று வெயில் தாழ்ந்ததும் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். கொப்பி வேண்டாம், பென்சிலும் வேண்டாம். ஈர மணலில் ஒரு முழ அகலத்துக்கு 'ம' எழுதிக் காட்டுங்கள். உதட்டை மூடி 'ம்ம்' என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் அவன் விரல் ஓடட்டும். பிழைத்தால் அலை வந்து அழித்துவிடும். திரும்ப எழுதட்டும். நாளைக்கும் அதே எழுத்துத்தான்.