சராசரிக்குள் மறையும் சேரி

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி ராசிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பேத்கரைச் சட்ட மேதை என்று ஊரே சொல்கிறது. அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1918-இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்தை ஒன்றுசேர்த்தால் வேளாண்மை செழித்துவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நிலம் சிறியதா பெரியதா என்பதை ஏக்கரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று அவர் வாதிட்டார். அதில் போட முதல் எவ்வளவு இருக்கிறது, ஏர் மாடு இருக்கிறதா, எத்தனை பேர் அதை நம்பியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். நிலத்தின்மேல் சுமையாக நிற்கும் வேலையற்ற கைகளுக்குத் தொழில் வேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. அளவுகோல் தவறினால் மருந்தும் தவறும் என்பது நமக்கு அதில் இருக்கும் பாடம்.

ஒரு நாடு வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், அந்தக் கணக்கில் நம் தெரு தெரிகிறதா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தியரின் தனிநபர் வருமானத்தை முதன்முதலில் கணக்கிட முயன்றவர் தாதாபாய் நௌரோஜி. 1870-களில் அவர் சொன்ன தொகை ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டு, வெளியில் உழைக்கும் மனிதனுக்கு அந்த அளவுகூடக் கிடைப்பதில்லை என்று காட்டினார். ஆங்கில ஆட்சிக்கு எதிராக அந்த எண் ஓர் ஆயுதம் ஆனது. ஆனால் அந்த 20 ரூபாய்க்குள் ஜமீன்தாரும் இருந்தார், அவர் பண்ணையில் வேலை செய்தவரும் இருந்தார். இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது இருவரில் யாருடைய வருமானமும் இல்லை.

அமெரிக்காவில் தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸ் 1934-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே எச்சரித்தார்: இந்த எண்ணிலிருந்து மக்களின் நலவாழ்வை ஊகித்துவிடாதீர்கள் என்று. எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. ஏழை நாடுகள் எல்லாம் அந்த ஒற்றை எண்ணின்படி வரிசையில் நிறுத்தப்பட்டன.

நம் வட்டாரத்தையே பாருங்கள். நாமக்கல் மண்டலத்தின் முட்டைக் கொள்முதல் விலை தினமும் செய்தித்தாளில் வருகிறது. ஐந்து பைசா ஏறினாலும் இறங்கினாலும் ஊருக்கே தெரியும். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவரின் கூலி எந்தப் பத்திரிகையிலாவது வருகிறதா? சேகோ ஆலைக் களத்தில் வெயிலில் நின்று ஜவ்வரிசி உலர்த்தும் பெண்ணின் கூலி வருகிறதா? அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சமைப்பதும் தண்ணீர் சுமப்பதும் தேசிய வருமானத்தில் சேரவே சேராது. 2019-இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம்.

வருமானம் மட்டும் போதாது என்று பொருளாதார அறிஞர்களும் உணர்ந்தார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக், நம் அமர்த்தியா சென் போன்றோரின் உழைப்பால் 1990-இல் மனித வளர்ச்சிக் குறியீடு வந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. 2010-இல் பல்பரிமாண வறுமைக் குறியீடு வந்தது. நிதி ஆயோக் 12 கேள்விகளை வைத்து அதைக் கணக்கிடுகிறது. சத்துணவு, பள்ளிப்படிப்பு, சமையல் எரிவாயு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு என்று அந்தப் பட்டியல் போகிறது. அதன்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடு மட்டுமே. இந்தியா முழுமைக்கும் 14.96.

இது பொய்க்கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். சத்துணவும் ரேஷன் அரிசியும் அரசு மருத்துவமனையும் நம் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. அதைக் குறைத்துப் பேசுவது நமக்கே தீங்கு. ஆனால் அந்தப் பட்டியல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வீட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கிறது. அந்தத் தொட்டி நிரம்பினால் யார் இறங்குகிறார் என்று கேட்பதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் ஒருவரின் வீட்டில் எரிவாயு இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம், பிள்ளை பள்ளிக்கும் போகலாம். குறியீட்டின்படி அவர் ஏழை இல்லை. அவர் வாங்கும் கூலி நாட்டின் உற்பத்தியில் சேரும். நச்சுக்காற்றில் அவர் செத்தால் எதுவும் கழியாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்தன. எங்கள் மாநிலத்தில் அப்படி யாருமே இல்லை என்று பல அரசுகள் நீதிமன்றத்தில் சொல்லிவந்தன. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் மட்டும் 1.8 லட்சம் குடும்பங்கள் அந்தத் தொழிலைச் சொல்லின. எண்ணாதவரை இல்லாதவர்கள், எண்ணியதும் இருந்தார்கள்.

சராசரியைப் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும். 2015-16 தரவை வைத்து ஐக்கிய நாடுகள் அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்திய வறுமையைச் சமூகவாரியாகப் பிரித்தார்கள். பழங்குடியினரில் 50.6 விழுக்காட்டினர் ஏழைகள். பட்டியல் சாதியினரில் 33.3. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் எதிலும் சேராதவர்களில் 15.6. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே அளவுகோல். 2023-இல் பீகார் அரசு வருமானத்தையும் சாதியோடு சேர்த்துக் கேட்டது. மாதம் 6,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பங்கள் மொத்தத்தில் 34.13 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 42.93 விழுக்காடு.

பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்பதற்கு நம் மேற்கு மாவட்டங்களே சாட்சி. பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு என்ற மொத்தக் கணக்குக்குள் அருந்ததியர் எங்கே என்று நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு எவ்வளவு, வேலையிலும் கல்வியிலும் எவ்வளவு என்று நீதியரசர் ஜனார்த்தனம் அறிக்கை பிரித்துக் காட்டிய பிறகுதான் 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குத் தரவு வேண்டும் என்றும் சொன்னது. நம் வீட்டுக்குள்ளும் சராசரி ஒருவரை மறைக்கும். அதைப் பேசத் தயங்கினால் மற்றவர்களின் சராசரியைக் கேள்வி கேட்க நமக்குத் தகுதி ஏது?

நாடாளுமன்றத் தொகுதியாக இருந்தபோதும் ராசிபுரம் தனித்தொகுதி. சட்டமன்றத்துக்கு இன்றும் தனித்தொகுதி. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமின்மை என்ற முரண்பாட்டை அண்ணல் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சுட்டிக்காட்டினார். வாக்கு எண்ணப்படுகிறது. பட்டா எண்ணப்படுகிறதா?

2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. தலையை எண்ணுவது முதல் படி. நிலத்தையும் தொழிலையும் வருமானத்தையும் சாதியோடு சேர்த்துப் பார்த்து, அதை வெளியிடவும் வேண்டும். 2011-இல் திரட்டிய சாதி விவரம் இன்றுவரை முழுமையாக வெளிவரவில்லை என்பதை மறக்கக் கூடாது.

அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை வீடுவீடாகக் கணக்கெடுத்தார். அதில் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. 2008 வரை ஆய்வாளர்கள் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அங்கே படியாட்கள் பண்ணையின் பிடியிலிருந்து மெல்ல மெல்ல விடுபட்ட கதை அந்த ஆய்வுகளில்தான் பதிவாகியிருக்கிறது. எந்தத் தனிநபர் வருமானக் கணக்கிலும் அது தெரியாது. படியால் அளந்து கூலி வாங்கியதால் படியாள். அந்தப் படியோ கூலி கொடுப்பவர் கையில் இருந்தது. இன்று அளவுகோல் யார் கையில் என்பதும் அதே கேள்விதான்.

மாணவர்களே, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? பெண் பெயரில் எத்தனை? தூய்மைப் பணிக்கு இன்னும் எந்தத் தெருவிலிருந்து ஆள் போகிறது? ஒப்பந்தக் கூலியா, நிரந்தர வேலையா? கல்லூரி முடித்தவர் என்ன வேலை செய்கிறார்? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, அதில் பிணத்தைத் தடையின்றித் தூக்கிப்போக முடிகிறதா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் நம் ஊரின் வளர்ச்சிக் குறியீடு. அதை எழுதி, கிராம சபையில் படித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.