சீவகன் மாறிய இடம்



சீவக சிந்தாமணிக்கு ‘மணநூல்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அதனாலோ என்னவோ, எண்மரை மணந்த சீவகன் முத்தி இலம்பகத்தில் துறவு பூணுவதை, பின்னால் ஒட்டவைத்த முடிவு என்று சிலர் குறை கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தந்தையைக் கொன்றவன் கட்டியங்காரன் என்று ஆசிரியர் அச்சணந்தி உரைத்தவுடன் சீவகன் வெகுண்டெழுகிறான். ஓராண்டு பொறுப்பதாக அவனிடம் ஆசிரியர் வாக்குப் பெற வேண்டியிருக்கிறது. பொறுமை அவனுடைய இயல்பன்று. ஆசிரியர் இட்ட கட்டளை. ஆனால் குணமாலையார் இலம்பகத்தில், அடியுண்டு சாகும் நாயின் செவியில் ஐம்பத மந்திரம் ஓதுகிறானே, அதை அவனிடம் எவரும் கேட்கவில்லை. (அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகி அவனுக்குத் துணைநின்றதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர்.) நாய்க்கு இரங்கிய அதே சீவகன் கட்டியங்காரனுக்கு இரங்கவில்லை. போரில் கொன்று அரசைக் கொண்டான்.

நெடுநாள் ஆண்டபின் சோலையில் ஒரு காட்சி. கடுவன் தன் மந்திக்குப் பலாச்சுளை கொடுக்கிறது. காவலன் குரங்குகளைத் துரத்திவிட்டுப் பழத்தைக் கைக்கொள்கிறான். பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனைப் போன்றது, பறித்த காவலன் தன்னைப் போன்றவன் என்று சீவகனுக்குத் தோன்றுகிறது. வென்றவன் தன் வெற்றியைத் தோற்றவன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். அறவுரை கேட்டு வந்த மாற்றமன்று இது. நாயின் செவியில் ஓதிய அந்தப் பழைய இரக்கம், இத்தனை இலம்பகங்களைக் கடந்து, இப்போதுதான் பகைவனை எட்டியிருக்கிறது. அதன் பிறகே அவன் மகனுக்கு முடிசூட்டுகிறான்.