மிச்சம் வைத்த இழுவை

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் வண்டியை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அந்த மலை ஏறினேன். டீசல் கார், வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. "மாமா, இப்பப் பாருங்க" என்று சொல்லி மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அதே காரில் நான் முன்பும் போயிருக்கிறேன். அது அப்படி இழுக்காது. கேட்டேன். "ரீமேப் பண்ணிட்டனுங்க மாமா. ஸ்டேஜ் ஒன். அரை நாள் வேலைதான்" என்றான்.

பாதி மலை ஏறியபோது ஒரு கருகல் வாடை வந்தது. மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. இரண்டு மாதம் கழித்து டர்போவும் போனது. சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சோதித்துவிட்டு ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்கள்: மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறது, வாரண்டி பொருந்தாது.

அவன் அன்றைக்குக் கேட்ட கேள்விதான் என்னை இங்கே பேச வைத்திருக்கிறது. "நான் ஒரு நட்டைக்கூடக் கழட்டலையே மாமா, எப்படி வாரண்டி போகும்?"

கார்புரேட்டர் காலத்தில் ட்யூனிங் என்றால் கையில் கரி ஒட்டும் வேலை. ஜெட் மாற்றுவார்கள், ஹெட்டை இழைப்பார்கள், காதை வைத்து டைமிங் பிடிப்பார்கள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே நம் பக்கத்தில் அந்தக் கலைக்குப் பெரிய மரியாதை உண்டு. கோவைக்காரரான கரிவரதன் மாருதியின் பாகங்களைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. அந்தக் கலையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவார்கள். அதற்கு யாரும் வாரண்டி கேட்பதில்லை. வீட்டுக் காரை நாம் பிரிப்பதில்லை. ஆயில் மாற்றுவதையே சில நேரம் தள்ளிப் போடுகிறோம்.

இன்றைய இன்ஜினை நடத்துவது ஈசியூ என்கிற சின்னக் கணினி. இத்தனை சுற்றில், இத்தனை மிதியில், எவ்வளவு டீசல், எந்த நொடியில், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. மேப் என்று சொல்வது அதைத்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் லேப்டாப்பை இணைத்து அந்த எண்களை மாற்றி எழுதினால் ரீமேப். டர்போ உள்ள வண்டிக்கு 20, 30 சதவீதம் கூடுதல் சக்தி என்று விளம்பரம் செய்கிறார்கள். டர்போவில் கூடுதல் காற்றைத் திணிக்க முடியும் என்பதால் அது பொய்யும் இல்லை. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் கிடைப்பது சொற்பம்.

ட்யூனிங் பாக்ஸ் என்று இன்னொன்று விற்கிறது. அது ஈசியூவைத் தொடாது. டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தைச் சொல்லும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார். அந்த டீசல் குழாயில் இருப்பது ஆயிரம் பாருக்கும் மேல். அவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்யும் இடத்தில் கணினிக்குத் தவறான தகவல் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"கம்பெனிக்காரன் வேணும்னே சக்தியைக் குறைச்சு வெச்சிருக்கான், நாங்க திறந்து விடறோம்." பட்டறையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இதற்குச் சாட்சியாக அவர்கள் காட்டுவது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினை. 1248 சிசி. 2007இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்து, பிறகு நம் சாலைகளில் எத்தனையோ வண்டிகளுக்குள் ஓடிய இன்ஜின். ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறன். எஸ்எக்ஸ் ஃபோர் காரில் அதே இன்ஜின் 90. "பார்த்தீங்களா, ஒரே இன்ஜின். 15 குதிரையைப் பூட்டி வெச்சிருக்காங்க" என்பார்கள்.

ஆனால் பேனட்டைத் திறந்து பார்த்தால் கதை வேறு. 90 குதிரைத்திறன் வண்டியில் இருந்தது வேறு டர்போ. சூழலுக்கேற்பத் தன் இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வகை. அத்தனையும் செய்து டார்க்கை எவ்வளவு ஏற்றினார்கள் தெரியுமா? 190இலிருந்து 200 நியூட்டன் மீட்டருக்கு. இன்ஜினை நன்றாக அறிந்தவர்கள் பாகத்தையே மாற்றிவிட்டுப் பத்தே பத்துதான் கூட்டினார்கள். அரை நாளில் ஒரு பாகத்தையும் மாற்றாமல் நாற்பது, ஐம்பது கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த நாற்பதும் ஐம்பதும் எங்கிருந்து வருகின்றன?

மிச்சத்திலிருந்து வருகின்றன. லே நகரத்துக் குளிரிலும் ராஜஸ்தானத்து மே மாத வெயிலிலும் ஒரே வண்டி ஓட வேண்டும். ஊட்டியில் காற்று மெலிந்திருக்கும். ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் டீசல் சுத்தமாக இருக்காது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியையும் போட்டு ஒருவர் மலை ஏறுவார். இத்தனைக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அந்த அட்டவணையை எழுதுகிறார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதன் மேல் மோதும் புகை 700 டிகிரியைத் தாண்டும். ரீமேப் அவர்கள் விட்டுவைத்த அந்த இடத்தைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது. சம தளத்தில் ஓடும்வரை தெரியாது. 40 வளைவு ஏறும்போது தெரியும். வாரண்டி என்பது அந்த மிச்சத்தை நம்பிக் கம்பெனி கொடுத்த வாக்கு. மிச்சத்தை நாம் எடுத்துக்கொண்ட பிறகு வாக்கை மட்டும் நிற்கச் சொல்வது கடினம்.

"சர்வீஸுக்கு விடறதுக்கு முன்னாடி பழைய மேப்பையே ஏத்திக் குடுத்துடறோம், கண்டுபிடிக்க முடியாது" என்றும் சொல்வார்கள். ஆனால் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்று பல ஈசியூக்கள் எண்ணி வைக்கின்றன. கோளாறு வந்த கணத்தில் சுற்று எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பதும் பதிவாகிவிடும். அமெரிக்காவில் வோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் மாற்றம் தெரிந்தால் டிடி ஒன் என்றொரு குறியை அந்த வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு நேரே போட்டுவிடுவார்கள். பிறகு எந்த ஊர் டீலரிடம் போனாலும் அந்தக் குறி முன்னால் வந்து நிற்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. அக்கா மகனின் வண்டியில் அதே சமயம் பின்கதவுக் கண்ணாடியும் இறங்கவில்லை. "வாரண்டியே போயிடுச்சுங்க" என்று அதையும் தள்ளிவிட்டார்கள். ரீமேப்புக்கும் கண்ணாடி மோட்டாருக்கும் என்ன உறவு? எழுத்தில் காரணம் கேள் என்றேன். கேட்டான். கண்ணாடியைச் செலவில்லாமல் சரிசெய்து கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1975இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. வாரண்டிப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதே ஒப்பந்தம். ஆனாலும் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். காரணம் பொருந்தவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

வாரண்டியோடு சட்டமும் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்தால், விபத்துக்குப் பின் அங்கேயும் தகராறு.

எனக்கு இதையெல்லாம்விடக் கோபம் தருவது ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ் சிக்ஸ் விதி வந்தபின் டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அது அடைத்துக்கொள்கிறது என்று சில பட்டறைகளில் அதைக் குடைந்து எடுத்துவிட்டு, விளக்கு எரியாதபடி மேப்பையும் மாற்றிக் கொடுக்கிறார்கள். 2015இல் வோக்ஸ்வேகன் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் மென்பொருளால் புகைச் சோதனையை ஏமாற்றியது தெரிந்தபோது உலகமே கொதித்தது. ஒரு தெருவில் ஒரு வண்டியில் நடந்தாலும் இது அதே காரியம்தான். அந்தக் கரியைச் சுவாசிப்பது, பள்ளி வாசலில் பேருந்துக்கு நிற்கிற குழந்தை.

அக்கா மகன் பழைய மேப்பையே திரும்ப ஏற்றினான். கிளட்ச், டர்போ இரண்டுக்கும் கைப்பணம். அடுத்த வருடம் வண்டியை விற்க முடிவு செய்தான். உடுமலையிலிருந்து ஒரு வாத்தியார் பார்க்க வந்தார். நானும் கூட இருந்தேன். வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது, முன்பணத்தை எடுத்தே விட்டார். இவன் உள்ளே போய் ரீமேப் செய்த ரசீது, டர்போ மாற்றிய பில், வாரண்டி மறுத்த கடிதம் மூன்றையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பேசியதைவிட நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார். இவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், "சரிங்க சார்" என்று சாவியைக் கொடுத்தான்.