லயத்து வாசலில் வெடி
(தீபாவளிக்கு முன் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் புதுத் துணி, பலகாரச் சாமான், அடுத்தது வெடி. வெடியே வேண்டாமென்று சொல்ல நாங்கள் வரவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிக்கிறவர்கள் ஒரு நாள் சந்தோஷமாக இருப்பதை யார் குறை சொல்வது?

ஆனால் அது ஒரு நாளோடு முடிகிறதா? சடங்கு, பிறந்தநாள், தேர்தல், கிரிக்கெட், எல்லாவற்றுக்கும் வெடி. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற இரவு வெடித்தோம்; நாடே வெடித்தது, சரி. இப்போது சின்ன மேட்சுக்கும் இரவு பதினொரு மணிக்குச் சரவெடி.

டவுனில் வீட்டைச் சுற்றி மதில் உண்டு. நமக்கு? அடுத்த காம்பராவுக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர், மேலே ஒரே கூரை. நம் இஸ்தோப்பில் வெடிப்பது அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குள் வெடித்த மாதிரி. பச்சைப் பிள்ளை அலறுது. இழுப்புக்காரத் தாத்தாவுக்குப் புகையில் மூச்சு அடைக்குது. விடிய எழும்பிப் பிரட்டுக்குப் போகணுமே என்று ஒரு தாய் கண் மூடாமல் கிடக்கிறாள். மேல் லயத்தில் இழவு விழுந்த அன்றே கீழ் லயத்தில் வெடி போட்டதையும் பார்த்திருக்கிறோம். கேட்கப் போனால், "என் காசு, என் வெடி, உனக்கென்ன?" என்று சண்டை.

நெருப்பையும் சொல்ல வேண்டும். அடுப்புக்கு மேலே அட்டலில் காய்ந்த விறகு கிடக்கிறது. ஒரு வாணம் உள்ளே புகுந்தால் ஒரு காம்பராவோடு நிற்காது. கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வீடு வரை ஓடும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போய்விடும். தீயணைப்பு வண்டி மலை ஏறி வருவதற்குள் லயம் இருக்காது.

மத்தாப்பை விளையாட்டுச் சாமான் என்று சின்னதுகள் கையில் கொடுக்கிறோமே, கொதிக்கிற தண்ணியின் சூடு 100 பாகை. மத்தாப்பு நுனியில் 1000 பாகைக்கு மேல்! சுட்டுவிட்டால் பற்பசை, மை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். மெதுவாக ஓடும் சுத்தமான தண்ணியில் 20 நிமிடம் பிடித்து, சுத்தத் துணியால் மூடி, டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். லயத்து வாசலை விட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் பெரியவர்களோடு விளையாட்டு மைதானத்தில் கூடட்டும். பொழுது சாய்ந்து ஒரு மணித்தியாலம் போதாதா? வெடி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் அங்கே சேர்ந்து நின்று பார்க்கும். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணி இருக்கட்டும். நேரத்தைத் தலைவர்மாரும் மாதர் சங்கமும் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் கைப்பிள்ளையும் நோயாளியும் இருக்கிற வீட்டுக்காரரை முதலில் பேச விடுங்கள்.