தேடல் அமைப்பைப் புதிய யந்திரங்களுக்கு மாற்றுதல்

ஒரு பெரிய ஸ்தாபனத்தில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துவிட்ட கடிதங்களும் ஒப்பந்தங்களும் கணக்கு விவரங்களும் கணினிகளில் மலைபோல் குவிந்திருக்க, அவற்றுள் வேண்டிய ஒன்றை நொடிப்பொழுதில் எடுத்துத் தருகிற தேடல் அமைப்பைப் பழைய யந்திரங்களினின்று புதியவற்றுக்கு மாற்ற எவ்விதம் திட்டமிட வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

நூலின் இறுதியில் அச்சிடப்படும் சொல்லடைவு இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகிறதென்று காட்டுவதுபோல, இவ்வமைப்பும் மூல ஆவணங்களை முன்னரே படித்து ஓர் அடைவை ஆக்கி வைத்துக்கொண்டு, கேள்வி வந்ததும் அந்த அடைவையே புரட்டுகிறது. 1999-இல் டக் கட்டிங் என்பவர் எழுதிய லூசீன் என்னும் மென்பொருளும், அதனை ஆதாரமாகக் கொண்டு 2010-இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச்சும் இம்முறையில் இயங்குவனவே.

எலாஸ்டிக்சர்ச்சில் புதிய யந்திரங்களைப் பழையவற்றோடு ஒரே கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இயங்கும் யந்திரக் கூட்டத்தில், சேர்த்து, பழையவற்றை ஒதுக்கிவிடும்படி கட்டளையிட்டால், அடைவு பிரிக்கப்பட்டிருக்கும் துண்டுகள் தாமாகவே இடம்பெயரும். தேடுவோருக்கு இடையூறு நேர வேண்டியதில்லை. எளிய வழிதான். ஆயினும் துண்டுகள் போய்ச் சேர்ந்தபின் பழைய யந்திரங்கள் வெறுமையாகிவிடுவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவோ, பிழை கண்டால் உடனே திரும்பவோ இயலாது. ஆகையால், புதிய அமைப்பைத் தனியே நிறுவி, மூல ஆவணங்களை மறுபடி படிக்கச் செய்வதே மேலென்பது என் அபிப்பிராயம். அதற்குக் காலம் வேண்டும்: 1 கோடி ஆவணங்களை வினாடிக்கு 50 வீதம் படித்தாலும் 55 மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும், ஆவணங்களை வைத்திருக்கும் யந்திரங்கள் தம் அன்றாட வேலைகளுக்கு நடுவே இந்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். விடுமுறை நாட்களைப் பார்த்து இதை ஏற்பாடு செய்தல் நலம்.

இவற்றையெல்லாம்விட நான் மிகுந்த கவலையோடு சொல்ல விரும்புவது, பார்க்கும் உரிமையைப் பற்றியது. சம்பளப் பட்டியலையோ, ஊழியர் ஒருவர்மீது நடக்கும் விசாரணைக் குறிப்பையோ காண உரிமையுள்ளவர் சிலரே. அந்த விவரம் புதிய அடைவில் சரிவரப் பதியாமற்போனால், கோப்பு பூட்டியே இருந்தாலும், தேடல் விடையில் அதன் தலைப்பும் இரண்டு வரிச் சாரமும் தோன்றி, ரகசியம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். எனவே உயர் அதிகாரியின் பெயரில் நுழைந்து சோதித்தமட்டில் திருப்தியடையாமல், மிகக் குறைந்த உரிமையுள்ள ஊழியரின் பெயரில் நுழைந்து, அவர் காணக்கூடாதவற்றையே பிரயத்தனப்பட்டுத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்றும் அகப்படாவிட்டால்தான் மேலே செல்லலாம்.

அடுத்து, பழைய அமைப்பின் பதிவுகளிலிருந்து, நாள்தோறும் வரும் கேள்விகளையும், தணிக்கையாளர் ஆண்டுக்கொருமுறை கேட்கும் அபூர்வமான கேள்விகளையும் எடுத்து, இரண்டு அமைப்புகளிலும் கேட்டு, முதற் பத்து விடைகளை ஒப்பிட வேண்டும். விடைகள் மாறியிருந்தால் அம்மாற்றம் நன்மைக்கா தீமைக்கா என்பதை யந்திரம் சொல்லாது. அந்த ஆவணங்களோடு நித்தம் பழகும் குமாஸ்தாவே சொல்ல வல்லவர். அவரைத் திட்டத்தின் ஆரம்பத்திலேயே அழைத்து உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் நிகழ்ந்த பின்னும், பிழை கண்டால் பழையதற்குத் திரும்புவதற்காக, வருடக் கணக்கு முடியும் வரையிலாவது, புதிதாக வரும் ஆவணங்களை இரண்டு அமைப்புகளுமே படித்து வருமாறு விட்டுவைப்பதற்கு ஆகும் மின்சாரச் செலவையும் திட்டத்திலேயே எழுதி, நிர்வாகத்தின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுதல் அவசியம்.