கருவியின் எண்ணும் மனிதனின் தூக்கமும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபனைச் சந்திக்கிறோம். பவுலின் பிரசங்கம் நள்ளிரவு வரை நீண்டபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் தூங்கி மாடியிலிருந்து விழுந்துவிட்டான். பிரசங்கிகளாகிய எங்களுக்கு அது ஓர் எச்சரிப்பு! ஆனால் தூங்கி விழுகிறவரையெல்லாம் சோம்பேறி என்று தீர்த்துவிடக் கூடாது என்பதை ஆஸ்பத்திரி ஊழியத்தில் கற்றுக்கொண்டோம்.

ரமணாசிரமம் பகுதியில் ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர். பௌர்ணமி வந்தால் கிரிவலம் செல்வோரை விடிய விடிய ஏற்றி இறக்குவார். ஒருநாள் செங்கம் சாலையில் கண் சொருகி, வண்டி ஒரு மரத்தை உரசி நின்றது. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். தேவ கிருபையால் யாருக்கும் காயமில்லை.

பரிசோதித்ததில், தூக்கத்தில் அவருக்கு மணிக்கு 38 முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. 10 விநாடியாவது மூச்சு நின்றாலோ, வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவையாகக் கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சரி. 30ஐ எட்டினால் கடுமையான நோய். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையை அடைபடாமல் காக்கும் கருவியே இதற்குச் சிகிச்சை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1981இல் இம்முறையை வெளியிட்டார். உங்கள் காணிக்கையால் வாங்கிய அத்தகைய கருவி ஒன்றை இச்சகோதரருக்குக் கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்துக் கருவி காட்டிய எண் 3. நாங்கள் ஸ்தோத்திரம் செலுத்தினோம். அவரோ எங்கள் முன்பாகவே நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினார்! உடன் வந்த மனைவி சொன்னார்: "ஐயா, மெஷின் நல்லாத்தான் ஓடுதுங்க. ஆனா மீசையோரமா காத்து கண்ணுல அடிக்குதுன்னு ரெண்டு மணி நேரத்துல கழட்டி வெச்சிடறாரு. அப்புறம் பழையபடி கொறட்டைதான்."

அப்பொழுதுதான் எங்கள் பிழை விளங்கிற்று. முகமூடி மாட்டியிருந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே அந்த 3. கழற்றிய பின் நடந்ததைக் கருவி அறியாது. மாட்டியிருக்கும்போதும் அது காற்றோட்டத்தை அளக்கிறதேயன்றி, மனிதன் தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று அறிவதில்லை. அதை அறியத் தலையிலும் கண்ணோரத்திலும் கம்பிகள் ஒட்டிச் செய்யும் முழுப் பரிசோதனை வேண்டும். முகமூடியில் காற்று அதிகமாகக் கசிந்தால் எண்ணிக்கையும் தவறும். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கிடும் முறையும் வேறு. கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவை நம்பலாம், மூச்சுத்தடை எண்ணிக்கையையும் கசிவையும் அவ்வளவு எளிதாக நம்ப முடியாது என்று அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2013இலேயே எழுதியிருக்கிறது.

கொரோனா காலத்தில் நாமெல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிஜன் கருவியும் இப்படித்தான். கறுத்த தோலுள்ளவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் சரியாக இருப்பதாகக் காட்டும் தவறு, வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. தூக்கப் பரிசோதனையிலும் இதே விரல் கருவிதான் உதவுகிறது. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் ஜனங்களுக்காக நாங்கள் இதைக் கவனத்தில் வைக்கிறோம்.

ஆகவே கருவி வேண்டாம் என்கிறோமா? இல்லை. அது இல்லாவிட்டால் அந்த 38 நமக்குத் தெரிந்திராது. கருவி நல்ல சாட்சிதான். ஆனால் ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. எத்தனை மணி நேரம் மாட்டினார், பகலில் தூங்கி விழுகிறாரா, அருகில் படுக்கிறவர் என்ன சொல்கிறார் என்பவற்றையும் இப்பொழுது தவறாமல் கேட்கிறோம்.

அச்சகோதரருக்கு வேறு அளவில் முகமூடி மாற்றினோம். இப்பொழுது இரவில் ஆறு மணி நேரம் மாட்டுகிறார். பகல் தூக்கம் குறைந்திருக்கிறது. முழுதும் தெளியும்வரை பௌர்ணமி இரவில் வண்டி எடுப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வருமான இழப்பு அவர்களுக்குச் சிறியதல்ல, அவர்களுக்காக ஜெபியுங்கள்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். கருவி வாங்கிக் கொடுத்தால் அதில் உங்கள் பெயரைப் பொறிக்கலாம். முகமூடியில் பெயர் பொறிக்க இடமில்லை; வீடு தேடிப் போய் விசாரிக்கும் ஊழியரின் பஸ் கட்டணத்திலும் இடமில்லை. இவ்வாண்டு அவற்றுக்காகவும் கொடுங்கள்.

ஐத்திகு விழுந்தபோது பவுல் மாடியில் நின்றபடி தீர்ப்புச் சொல்லவில்லை. இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்ட பின்பே, உயிர் இருக்கிறது என்றார். நாமும் அப்படி இறங்கிச் செல்லக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.